வெந்நீர் ஊற்றும் வீண் முயற்சியும்

ஆயர் ஈத்தாம் வழிப்போக்கர்களை நம்பி வளர்ந்த ஊர். பத்து பகாட், குளுவாங், யோங் பெங், ஜொகூர் பாரு ஆகிய நான்கு ஊர்ப் பாதைகளும் இங்கே வந்து கூடுகின்றன. 1994-ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முற்றுப்பெறும் வரையில், கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பஸ்கள் இங்கே நின்று இளைப்பாறிச் செல்வது வழக்கம். பிரயாணிகள் இறங்குவர், தேநீர் அருந்துவர், மண்சாடி ஒன்றை விலை கேட்பர், ஏறிக்கொள்வர். அவர்களுள் எவரேனும் தம் பிரயாணத்தை எழுதியிருப்பின் அதில் நம் ஊர் அரை வரிக்கு மேல் பெற்றிராது. பஸ் கண்ணாடிக்கு வெளியே நின்று பழகிய இத்தகைய ஊரின் வாசகராகவே, ஜப்பானிய மலைநாட்டு வெந்நீர் ஊற்றுக்குச் சென்ற பிரயாணி ஒருவனைப் பற்றிய நாவலை நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாவல், யாசுனாரி கவபாத்தா இயற்றிய ‘பனி நாடு’. 1935 முதல் பத்திரிகைகளில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1937-இல் புத்தகமாகி, பின்னும் விரிக்கப்பெற்று 1948-இல் இன்றைய உருவை எய்தியது. எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர் என்பார் 1956-இல் இதனை ஆங்கிலப்படுத்தினார். நாம் படித்ததும் அவ்வாங்கிலமே. 1968-இல் கவபாத்தா நோபெல் பரிசு பெற்றார். கதை நிகழும் ஊரின் பெயர் நூலில் இல்லை. எனினும் ஆசிரியர் 1934 முதல் தங்கி எழுதிய யூசாவா என்னும் வெந்நீர் ஊற்றூரே அஃதென்பது யாவரும் அறிந்தது. சைபீரியாவிலிருந்து எழும் குளிர்காற்று கடலைக் கடக்கையில் ஈரத்தை முகந்து வந்து எச்சிகோ மலைகளில் மோதிப் பனியாகச் சொரிகின்றது. 1931-இல், ஏறக்குறைய 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஷிமிசு சுரங்கம் மலையைத் துளைத்துத் திறக்கப்பட்டதன் பின்னரே தலைநகரத்துச் செல்வர்கள் இவ்வூருக்கு எளிதில் வந்து நீராட இயன்றது. இச்சுரங்கத்தை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். மீண்டும் அதனிடம் வருவோம்.

கதைத் தலைவன் ஷிமாமுரா. முன்னோர் தேடிவைத்த பொருளில் காலங் கழிப்பவன். டோக்கியோவில் மனைவி மக்கள் உண்டு. மேனாட்டுப் பாலே நடனத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதுகின்றான். ஆனால் ஒருமுறையேனும் அந்நடனத்தைக் கண்டதில்லை. படங்களையும் நூல்களையும் கொண்டே எழுதுகின்றான். காணாமையே அவனுக்கு இன்பம். (யூசாவாவின் பனியைக் கண்டிராத நாம் இவ்விடத்தில் அவனைப் பார்த்து அதிகம் நகைப்பதற்கில்லை.) இரண்டாம் முறையாக அவ்வூருக்கு ரயிலேறி வருகையில், மாலை இருளில் ஜன்னற் கண்ணாடி ஆடியாகின்றது. எதிரே அமர்ந்துள்ள யோகோ என்னும் பெண்ணின் முகம் அதில் தோன்ற, வெளியே ஓடும் மலையும் வெளிச்சமும் அம்முகத்தின் ஊடே செல்கின்றன. உலகமெல்லாம் புகழும் காட்சி இது, நாமும் புகழ்கின்றோம். ஆனால் யோகோ அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள்? நோயால் இளைத்த ஓர் இளைஞனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தாள். கண்ணாடியில் ஷிமாமுரா கண்டது அழகு. கண்ணாடிக்கு முன்னே நடந்துகொண்டிருந்தது வேலை. இதனை ஆசிரியர் மறைக்கவில்லை. மறைத்துப் படிப்பவர்கள் ரசிகர்களே.

ஊரில் அவன் நாடி வருபவள் கோமாகோ. விருந்துகளில் பாடியும் சாமிசென் என்னும் நரம்புக் கருவியை மீட்டியும் மது வார்த்தும் பிழைக்கும் கெய்ஷாப் பெண். அவள் ஒப்பந்தத்தில் கட்டுண்டவள். குறித்த காலம் முடியும் வரையில் அவள் தனக்குரியவள் அல்லள். சங்கீத ஆசிரியையின் மகனுடைய வைத்தியச் செலவுக்காகவே அவள் இத்தொழிலில் இறங்கினாள் என்று உடல் பிடித்துவிடும் குருட்டுப் பெண் ஒருத்தி ஷிமாமுராவிடம் கூறுகின்றாள். ஒப்பந்தம் என்ற சொல்லை டோக்கியோ வாசகர் கடந்துபோகலாம், நம்மால் இயலாது. இந்நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910-இல் ஒழிக்கப்பட்ட பின்னரும், கங்காணிமார் 1938 வரையில் ஆள் கொணர்ந்தனர். வழிச்செலவு கடனாகி, கடன் வேலையாகிய வரலாறு லயங்களில் இன்றும் பாட்டிமாரின் பேச்சில் இருக்கின்றது. கோமாகோ குடித்துவிட்டு இரவில் தள்ளாடி வந்து, விடியுமுன் பிறர் காணாது ஓடும் காட்சிகளை, நாம் காதற் காட்சிகளாக மட்டும் படிக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

நூலின் உயிர்நிலை என்று நாம் கருதும் இடம் வேறொன்று. கோமாகோ நாட்குறிப்பு எழுதிவருகின்றாள். அன்றியும், தன் பதினைந்து பதினாறு வயது முதல் படித்த நாவல்களை நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைக்கின்றாள். அத்தகைய நோட்டுகள் பத்தாகிவிட்டன. ஷிமாமுரா, அந்நூல்களைப் பற்றிய உன் கருத்துகளை எழுதுகின்றாயோ என்று வினவுகின்றான். இல்லை, தலைப்பு, ஆசிரியர், பாத்திரங்கள், அவர்களுக்குள் என்ன உறவு, இவ்வளவே. அஃது வீண் முயற்சி என்கின்றான் அவன். ஆம், வீண்தான் என்று அவளும் சிறிதும் வருந்தாமல் ஒப்புக்கொள்கின்றாள்.

இப்பக்கங்களைப் படித்தபோது நமக்கு வெட்கம் உண்டாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டத்து ஆபீசில் நமது மேசைக்கு எதிரே நின்ற பால்மரம் வெட்டும் பெண்ணொருத்தி, கையெழுத்திடுவதற்காகப் பையைத் திறந்தபோது ஒரு நோட்டு கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தோம். பழைய பத்திரிகைகளில் வந்த கதைகளின் தலைப்புகள். அவற்றின் கீழே எழுதியவர் பெயர். யார் யாருக்கு மகள், யார் யாரை மணந்தாள் என்பன. இதனால் என்ன பயன் அம்மா என்று கேட்டோம். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற கிராணிக்கு அக்கேள்வி எளிதாக வந்தது. “இருந்துட்டுப் போகட்டுங்க ஐயா” என்று கூறி நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். ஷிமாமுராவாக இருப்பதற்கு ஒருவன் டோக்கியோச் செல்வனாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை.

‘பனி நாட்டை’ப் புகழ்வோர் பெரும்பாலும் பனி, நிலவு, வெறுமை, ஜப்பானிய அழகுணர்ச்சி என்றே பேசுவர். கவபாத்தாவும் 1968-இல் பரிசு ஏற்று ஆற்றிய சொற்பொழிவில் தம் நாட்டின் அழகையே பொருளாகக் கொண்டமையால் அவர்களுக்கு ஆதரவும் கிடைத்துவிட்டது. நூலோ சொற்பொழிவினும் கூர்மையானது என்பது நம் துணிபு. கோமாகோ சாமிசென் மீட்டும் இடத்தைப் பாருங்கள். குருவின் துணையின்றி, இசைக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, மலையையே சபையாகக் கொண்டு தனித்துப் பழகியவள் அவள். அவள் மீட்டத் தொடங்கியதும் ஷிமாமுராவின் மேனி சிலிர்க்கின்றது. வீண் என்று அவன் தள்ளிய உழைப்பே அவனை அடித்து வீழ்த்துகின்றது. பின்னர், பனியில் நூற்றுப் பனியில் நெய்து பனியில் விரித்து வெளுக்கப்பட்ட ‘சிஜிமி’ என்னும் பழைய சணற்புடவையைப் பற்றிய பகுதி வருகின்றது. கோடையில் அதன் குளிர்ச்சியை உடுத்து மகிழ்பவன் ஷிமாமுரா. குளிர்காலமெல்லாம் அதனை நெய்த பெண்களோ பெயரின்றிப் போயினர். இதனை அவனே எண்ணிப் பார்க்கின்றான். பார்த்தும் அவன் நடத்தை மாறவில்லை. தன் பிரயாணியை இவ்வளவு இரக்கமின்றிக் காட்டிய ஆசிரியரை வெறும் அழகுபாசகர் என்பது தகாது.

குறையும் உண்டு. கோமாகோவின் ஒப்பந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவன் நூலில் முகங் காட்டுவதேயில்லை. விடுதியின் பணிப்பெண்கள் கதவைத் திறக்கவும் தேநீர் வைக்கவும் வருகின்றனர், போகின்றனர். முடிவில் பட்டுக்கூட்டுக் கிடங்கு தீப்பற்றி யோகோ மேலிருந்து விழும்போது, ஷிமாமுராவின் கண்ணுக்கு வான்கங்கை தன்னுள் பாய்வதாகத் தோன்றுகின்றது. ஒருத்தி விழ, ஒருவன் பரவசமடைகின்றான். இங்கே ஆசிரியர் தம் பிரயாணியை விட்டு விலகி நிற்கின்றாரா, அவனோடு சேர்ந்து அண்ணாந்து பார்க்கின்றாரா என்பது நமக்கு விளங்கவில்லை. சேர்ந்தே பார்க்கின்றார் என அஞ்சுகின்றோம்.

ஜப்பானுக்குப் போய்வந்த நம்மவர் சிலர், அந்நாட்டு வெந்நீர்த் தொட்டியில் ஆடையோடு அந்தஸ்தும் கழன்றுவிடுகின்றது என்று வியந்து பேசுவர். 1927-இல் மகாத் குளத்து நீரைத் தொடுவதற்கே அம்பேத்கர் அறப்போர் நடத்த நேர்ந்த தேசத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம், அவ்வியப்பு இயல்பே. ஆயினும் ஹொக்கைடோவில் அயல்நாட்டார் நுழையலாகாது என்று பலகை தொங்கவிட்ட வெந்நீர் விடுதியொன்று வழக்குக்கு இழுக்கப்பட்டு, 2002-இல் சப்போரோ நீதிமன்றம் அஃது இனப் பாகுபாடே என்று தீர்ப்பளித்தமையையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. நாவலிலும் கோமாகோ அதே விடுதியின் நீரில் குளிக்கின்றாள். வெளியே வந்ததும் அவன் விருந்தினன். அவள் மணிக்கணக்கிற் கூலி பெறுபவள்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். மூலத்தின் முதல் வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்று ஜப்பானிய மொழி வல்லார் கூறுவர். சுரங்கத்தைக் கடந்து பனி நாட்டிற் புகுந்தது ரயிலா, பிரயாணியா, வாசகனா என்பது சொல்லப்படவில்லை. ஆங்கிலத்தில் எழுவாயின்றி வாக்கியம் நில்லாது. ஆகவே சைடன்ஸ்டிக்கர் ரயிலை எழுவாயாக்கினார். தமிழுக்கோ தோன்றா எழுவாய் இயற்கை. ஆங்கிலத்தின் வழியே தமிழாக்குவோர் இல்லாத ரயிலையும் உடன் இழுத்து வராதிருப்பாராக.

ரயில் என்றதும் முன்னர் ஒத்திவைத்த சுரங்கத்தைப் பேச வேண்டியவராகின்றோம். கவபாத்தாவின் சுரங்கம் ஒரு மாய வாயில். இப்புறம் நகரம், அப்புறம் வெண்பனி. அதனைத் தோண்டியவன் எவனும் அங்கில்லை. இந்நாவலின் முதற் புத்தகம் வெளிவந்த 1937-க்கும் முற்றுப்பெற்ற 1948-க்கும் இடையே அதே தேசத்தின் ராணுவம் மற்றொரு ரயில் பாதை போட்டது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட சயாம் பர்மா ரயில் பாதை அது; நீளம் 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் 70,000-க்கு மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்த கண்ணோடு ‘பனி நாட்டை’ விரித்தால், அந்த முதல் வாக்கியத்தின் சுரங்கத்தை வாளா கடந்து செல்லல் அரிது. கவபாத்தா எவரையும் சயாமுக்கு அனுப்பவில்லை. அப்பழியை அவர்மேல் ஏற்றுவது அநீதி. ஆனால் எந்த வாசகனும் தன் ஊரைக் கழற்றி வைத்துவிட்டுப் படிப்பதில்லை.

2018-ஆம் ஆண்டில் நாம் ஒரு குழுவினரோடு காஞ்சனபுரிக்குச் சென்றிருந்தோம். அங்கே நேச நாட்டுப் போர்க்கைதிகளின் மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசை பிசகாமல் இருக்கின்றன. நம்மவர்க்குத் தனித்தனிக் கல் இல்லை. மறுநாள் வண்டி, அப்பாதை சென்ற பள்ளத்தாக்கின் வழியே மேலேறி, ஹிந்தாட் என்னுமிடத்தில் நின்றது. யுத்த காலத்தில் ஜப்பானியச் சிப்பாய்கள் தாம் நீராடுவதற்காகக் கட்டிய வெந்நீர்த் தொட்டிகள் அங்குள்ளன. அருகே குளிர்ந்த ஓடை. இன்று பிரயாணிகள் கூட்டம் கூட்டமாக வந்து குளிக்கின்றனர். நம் குழுவிலும் பலர் இறங்கினர். நாமும் முழங்கால் மட்டும் இறங்கினோம். உடல் வலி தீர்ந்தது, நீர் நன்றாகவே இருந்தது, அதனை மறைப்பதிற் பயனில்லை. எம்மோடு வந்த பெரியவர் ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றாமல் கரையில் அமர்ந்திருந்தார். தொட்டிலிற் கிடந்த பருவத்தில் தந்தையை அப்பாதைக்குக் கொடுத்தவர் அவர்.

“தண்ணி சூடா இருக்கா தம்பி?” என்று கேட்டார்.

இருக்கிறது ஐயா என்றோம். அவர் ஓடையின் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.