மறைந்த எழுத்தும் மறையாத் துயரும்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் நான்கு வயதில் தந்தையைப் போரில் இழந்தார். 1943இல் தாயை நாஜிகள் அவுஷ்விட்சுக்குக் கொண்டுசென்றனர். 1969இல் அவர், அம்மொழியில் மிகுதியும் பயிலும் உயிரெழுத்தொன்றை அறவே நீக்கி ‘மறைவு’ எனும் நாவலைப் புனைந்தார். ‘அவர்கள்’ எனும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல் அவ்வெழுத்தைப் போன்றே ஒலிக்கும். சொல்லாமற் சொன்ன வித்தைதான்; ஆயினும் வித்தையே. கன்ஸா (ரலி) அம்மையார் தம் மர்ஸியாக்களில் சகோதரர் ஸக்ரைப் பெயர் சொல்லி விளித்தழுதார். இவருக்கு அது வாய்க்கவில்லை.

அவ்வாண்டே தொடங்கிய ‘டபிள்யூ’ தொடரில் கற்பனைத் தீவொன்றின் கதை மட்டுமே இருந்தது. 1971 முதல் 1975 வரை பொந்தாலிஸிடம் உளப்பகுப்பாய்வுக்குச் சென்றார். 1975இல் நூல் வெளிவந்தபோது, இளமை நினைவுகள் அக்கதையோடு மாறிமாறி இடம்பெற்றிருந்தன. அத்துணிவை அளித்தது அந்த நான்காண்டுப் பேச்சே என்பது என் கருத்து. ரயில் நிலையத்தில் தாய் வழியனுப்பியபோது தம் கை கட்டுப்போட்டுத் தொங்கியதாக அவருக்கு நினைவு, அத்தையோ மறுக்கிறார். இரண்டையும் எழுதிவைத்திருக்கிறார்.