பெயர் இரவல்

2004-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள். அமெரிக்க நாட்டுப் படக்கொட்டகைகளின் முகப்பிலே ஒரு விளம்பரம். “குவென்டின் டரான்டினோ வழங்கும் ஹீரோ!” மக்கள் திரண்டனர். முதல் மூன்று நாட்களில் மட்டும் ஏறத்தாழ 1.8 கோடி டாலர் வசூல். அந்த வாரம் அந்நாட்டின் முதலிடம் அப்படத்துக்கே. சீன மொழி பேசும் படம், அடியிலே ஆங்கில எழுத்து ஓடும் படம்! எழுத்தைப் படித்துக்கொண்டு படம் பார்ப்பதா என்று முகம் சுளிக்கும் பழக்கமுள்ள அமெரிக்கப் பொதுமக்கள், வரிசையில் நின்று சீட்டு வாங்கினர்.

டரான்டினோ இதிலே செய்தது என்ன? கதை எழுதினாரா? இல்லை. இயக்கினாரா? இல்லை. படத்தை ஆக்கியவர் ஜாங் யீமோ என்னும் சீன இயக்குநர். 2002-இலேயே சீனத்தில் வெளிவந்து, ஆஸ்கார் பரிசின் அயல்மொழிப் பட்டியலிலும் இடம்பெற்ற படம் அது. அமெரிக்க உரிமையை வாங்கிய மிரமாக்ஸ் நிறுவனம் நெடுநாள் அதை வெளியிடாமலே வைத்திருந்தது. பூட்டிய பெட்டிக்குக் கிடைத்த சாவிதான் டரான்டினோவின் பெயர். படத்தை வெட்டாமல் வெளியிட வேண்டுமென்று அவர் வாதாடினார் என்றும் சொல்வர். சொல்வது மெய்யானால், அதற்காக அவரைப் பாராட்ட நான் தயங்கமாட்டேன். ஆனால் விளம்பரத்தைக் கண்டவர்களிலே எத்தனை பேர், இது டரான்டினோவின் படமே என்று எண்ணிக்கொண்டு உள்ளே போயிருப்பர்?

பெயரை இரவல் தருவது தமிழர்க்குப் புதிதன்று, தோழர்களே! நம் இலக்கண ஆசிரியர்கள் இதற்கென விதிகளே வகுத்திருக்கின்றனர். நூல் செய்தவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாகாது. ஆகவே சிறப்புப் பாயிரத்தைப் பிறர்தான் பாடவேண்டும் என்கிறது நன்னூல். யார் பாடலாம்? அவனுடைய ஆசிரியன், உடன் பயின்றவன், மாணவன், அந்நூலுக்கு உரை காணத் தகுந்தவன். தெருவோடு போகிறவனெல்லாம் பாடிவிட முடியாது! பாயிரம் உரைக்க வேண்டிய செய்திகள் எட்டு. அவற்றுள் முதலாவது எது? நூலை ஆக்கியோன் பெயர். நூல் எதைப் பற்றியது, யார் கேட்பதற்குரியது, கேட்பதால் வரும் பயன் என்ன என்பனவும் அந்த எட்டிலே அடக்கம். பாடியவன் பெயர்? அது அந்த எட்டிலே இல்லை.

பின்னாளில் இந்த நல்ல வழக்கம் சந்தைச் சரக்காகச் சீர்கெட்டதையும் மறைப்பதற்கில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அச்சான புத்தகங்கள் சிலவற்றைப் புரட்டுங்கள். நூல் பெரிதோ, நூலுக்கு முன்னே அணிவகுக்கும் சாற்றுகவிகள் பெரிதோ என்ற ஐயமே வந்துவிடும். விதி கெட்டாலும் அளவுகோல் கெடவில்லை. அதைக் கையிலே எடுத்துக்கொண்டு அயல்நாட்டுத் திரையுலகிற்குச் செல்வோம்.

அகிரா குரோசாவா! 1951-இல் ‘ராஷோமோன்’ வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்றபோது ஜப்பானியப் படக்கலையை உலகின் கண்முன்னே நிறுத்திய மேதை. அந்த மேதையை 1970-களில் அவருடைய நாட்டுப் பட முதலாளிகளே ஒதுக்கினர். 1970-இல் வந்த படம் தோல்வி கண்டது. 1971-இல் அவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முனைந்தார். பிழைத்தெழுந்தவர், சோவியத் நாட்டின் பொருளுதவியால் ‘தெர்சு உசாலா’வை எடுத்தார், அது ஆஸ்கார் வென்றது. வென்றும் என்ன? அடுத்த படமான ‘ககெமுஷா’வுக்குப் பணம் கிட்டவில்லை. படம் எடுக்க முடியாமலே போய்விடுமோ என்ற ஏக்கத்தில், காட்சிகளை ஓவியங்களாகத் தீட்டிக் குவித்தாராம்! கேமராவுக்குக் கிடைக்காத காட்சியைத் தூரிகையிலாவது பிடித்து வைக்க விரும்பிய அந்த முதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அப்போதுதான் ஜார்ஜ் லூகாஸும் பிரான்சிஸ் போர்டு கப்போலாவும் முன்வந்தனர். தங்கள் செல்வாக்கைக் காட்டி, டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ் நிறுவனத்தை இணங்கச் செய்தனர். ஜப்பானுக்கு வெளியே படத்தை வெளியிடும் உரிமைக்கு ஈடாக, குறைந்த பணத்தை அந்நிறுவனம் கொடுத்தது. பன்னாட்டுப் பிரதியின் நிர்வாகத் தயாரிப்பாளர்கள் என்று இருவர் பெயரும் இடம்பெற்றன. 1980-இல் கான் விழாவின் முதற்பரிசை அப்படம் பகிர்ந்துகொண்டது. லூகாஸ் யார்? 1977-இல் தாம் எடுத்த ‘ஸ்டார் வார்ஸ்’ கதைக்குக் குரோசாவாவின் 1958-ஆம் ஆண்டுப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டதை மறைக்காதவர். அதாவது, நேரில் பயிலாத மாணவன். மாணவன் ஆசிரியனுக்குப் பாயிரம் பாடினான். வெறும் பாட்டோடு நிற்கவில்லை, ஏடு வாங்கவும் பொருள் தேடித் தந்தான். பன்னாட்டுப் பிரதி சுமார் 20 நிமிடம் குறைந்தே வெளிவந்தது என்ற குறை உண்டு. எனினும் அந்தப் பெயர்கள் இல்லையேல் படமே இல்லை.

அந்தப் படத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். போர்த் தலைவன் ஒருவன் இறந்துவிடுகிறான். அவன் பெயர் ஒன்றே பகைவரை அஞ்சவைத்துக்கொண்டிருந்தது. ஆகவே அவனைப் போன்ற முகங்கொண்ட திருடன் ஒருவனைத் தலைவன் இடத்திலே அமர்த்திப் பெயரைக் காக்கின்றனர். பெயரின் வலிமையைப் பேசும் கதையே இரவல் பெயரால் பிழைக்க நேர்ந்த விந்தையை என்னென்பது!

அடுத்தது, வருத்தத்தோடு எழுத வேண்டிய செய்தி. பிரெஞ்சு இயக்குநர் ஏபெல் கான்ஸ் 1927-இல் எடுத்த ‘நெப்போலியன்’ மௌனப் படம்; இறுதியிலே மூன்று திரைகளில் ஒருசேரக் காட்சி விரியும் மாபெரும் படைப்பு. சிதைந்து, துண்டு துண்டாகச் சிதறிப்போன அதை, ஆங்கில நாட்டுக் கெவின் பிரௌன்லோ பள்ளிப் பருவத்திலேயே தேடத் தொடங்கினார். 1954-இல் இரண்டு சிறு சுருள்கள் கையில் கிடைத்தபோது அவருக்கு வயது 15. கால் நூற்றாண்டு தேடிச் சேர்த்து, 1979-இல் அமெரிக்காவின் டெல்லுரைடு விழாவிலும், 1980-இல் கார்ல் டேவிஸின் இசையோடு இலண்டனிலும் காட்டினார். 1981 சனவரியில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மண்டபத்தில் அது திரையேறியது. அங்கே வழங்கியவர் கப்போலா; இசை அவருடைய தந்தை கார்மைனுடையது. ஆயிரக்கணக்கானோர் எழுந்து ஆரவாரம் செய்தனர். 91 வயது கான்ஸ் அந்தக் கையொலியைத் தொலைபேசி வழியே கேட்டார். அவ்வாண்டு நவம்பரில் மறைந்தார். கப்போலாவின் பெயர் இல்லாதிருந்தால் அத்தனை பெரிய மண்டபத்தில் அத்தனை பேர் ஒரு மௌனப் படத்துக்குக் கூடியிருப்பரோ? ஐயமே.

ஆனால் அமெரிக்கர் கண்டது ஏறத்தாழ நான்கு மணி நேரப் படம். இலண்டனில் காட்டியதோ அதைவிட நீண்டது. பிரௌன்லோ பின்னரும் தேடினார், மேலும் துண்டுகளைச் சேர்த்தார், படம் ஐந்தரை மணி நேரமாக வளர்ந்தது. அமெரிக்க உரிமையோ கப்போலா தரப்பின் கையில். வளர்ந்த படம் டேவிஸின் இசையோடு அமெரிக்க மண்ணில் முதன்முறையாகக் காட்டப்பட்டது எப்போது? 2012-இல், ஓக்லண்டு நகரில்! முப்பத்தோராண்டுக் காத்திருப்பு. 1981-இல் கதவைத் திறந்த அதே பெயர், பின்னர் அக்கதவுக்குத் தாழ்ப்பாளாயிற்று. பாயிரம் பாடியவன் ஏட்டையே தன் வீட்டில் வைத்துக்கொண்டால் நூலாசிரியன் எங்கே போவான்? கப்போலா செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. நன்மை செய்தவர் என்பதற்காகக் கேள்வியை விழுங்கிவிடவும் விரும்பவில்லை.

டரான்டினோவின் பெயர் ‘ஹீரோ’வுக்கு முன்பே ஒரு படத்துக்கு இரவல் போயிருக்கிறது. யுவென் வூ-பிங் 1993-இல் ஆங்காங்கில் எடுத்த ‘அயர்ன் மங்கி’. பகலிலே மருத்துவன், இரவிலே முகமூடியணிந்து ஊழல் ஆளுநனின் பொருளைக் கவர்ந்து ஏழைக்கு ஈபவன். அவனைச் சுற்றிய கதையிலே, சீன மக்கள் போற்றும் வீரன் வோங் பெய்-ஹங் சிறுவனாக வருகிறான். 2001-இல் டரான்டினோ பெயரோடு மிரமாக்ஸ் அதை வெளியிட்டபோது நடந்தது என்ன? சில காட்சிகள் வெட்டப்பட்டன, இசை மாற்றப்பட்டது. அந்த வீரன் பெயரோடு தலைமுறை தலைமுறையாக ஒட்டி வந்த மெட்டே நீக்கப்பட்டது! நம் நாட்டுக் கதைப்பாடல் ஒன்றை அயல்நாட்டான் எடுத்துக்கொண்டு, “உங்கள் உடுக்கொலி எங்கள் காதுக்கு ஒவ்வாது” என்று உடுக்கையைப் பிடுங்கிவிட்டு அரங்கேற்றினால் நமக்கு எப்படியிருக்கும்? வெட்டியவர் டரான்டினோ என்று நான் சொல்லவில்லை. நிறுவனம் வெட்டியது, அவர் பெயர் மேலே நின்றது. அவ்வளவே.

மீண்டும் ‘ஹீரோ’வுக்கு வருகிறேன். அதன் உள்ளடக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதுதான் எனக்கு முதன்மையானது. சின் நாட்டரசனைக் கொல்லப் புறப்பட்ட வீரன் பத்தடி தொலைவுக்கு வந்துவிடுகிறான், கொல்லவும் முடியும், கொல்லாமல் விடுகிறான். ஏன்? சிதறிய நாடுகளை ஒன்றாக்க இந்த அரசன் ஒருவனால்தான் முடியும், ஆகவே அவன் கொடுமையைப் பொறுக்கலாம் என்று முடிவு செய்கிறான். வீரன் அம்புகளுக்கு இரையாகிறான், அரசன் பேரரசனாகிறான். யார் அந்த அரசன்? கி.மு. 221-இல் சீனத்தை ஒன்றாக்கியவன், கி.மு. 213-இல் நூல்களை எரிக்க ஆணையிட்டவன் என்று வரலாறு சொல்பவன்!

மணலிலே எழுதிக் காட்டப்படும் இரண்டு எழுத்துகள் கதையின் உயிர். “வானத்தின் கீழுள்ள அனைத்தும்” என்பது அவற்றின் பொருள். உலகனைத்தும் ஒரு குடைக்கீழ் என்னும் பேரரசு வேட்கை. அமெரிக்கப் பிரதியிலே அது எப்படிப் பெயர்க்கப்பட்டது? “நம் நாடு” என்று! பேரரசு வெறி, நாட்டுப்பற்றாக வேடம் மாறிற்று. வண்ணம் கண்ணைப் பறிக்கும் படம்தான். சிவப்பும் பச்சையும் வெண்மையுமாக ஒரே நிகழ்ச்சியை மாற்றி மாற்றிச் சொல்லும் திறம் என்னைக் கவர்ந்ததுதான். ஆனால் கொடுங்கோலுக்குத் தலைவணங்கச் சொல்லும் கதையல்லவா அது என்று கேட்ட விமர்சகர்கள் மேல்நாட்டிலும் இருந்தனர். அந்தக் கேள்வி, வாளின் பளபளப்பை நம்பி வந்த இளைஞர் கூட்டத்தின் காதில் விழுந்திருக்குமா? நூல் நுவலும் பொருளை மறைத்த பாயிரம் என்ன பாயிரம்! யார் வழங்கினார் என்று கேட்டவர்கள், என்ன வழங்கினார் என்று கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. 1964-இல் சோவியத் இயக்குநர் மிகயீல் கலதோசோவ், கியூபா நாட்டினரோடு சேர்ந்து ‘நான் கியூபா’ எடுத்தார். அவானா நகரின் சூதாட்ட விடுதிகளில் உலவும் அமெரிக்கச் செல்வர்களையும், தெருவிலே ஒரு பெண்ணைத் துரத்தும் அமெரிக்க மாலுமிகளையும் காட்டிப் புரட்சியைப் பாடும் படம். அந்நாட்டிலும் வரவேற்பில்லை, மாஸ்கோவிலும் இல்லை, முப்பதாண்டு முடங்கிற்று. 1995-இல் மைல்ஸ்டோன் என்னும் சிறு நிறுவனம் அமெரிக்காவில் அதை வெளியிட்டபோது, வழங்குவோராகப் பெயர் தந்தவர்கள் மார்ட்டின் ஸ்கார்செசியும் கப்போலாவும். தங்கள் நாட்டையே சாடும் படத்துக்கு, தங்கள் நாட்டிலேயே, தங்கள் பெயர்! அவர்கள் புரட்சியை ஏற்றார்கள் என்று இதற்குப் பொருளில்லை. கேமரா செய்த அற்புதத்தைக் கண்டு வியந்தனர். அதை மற்றவரும் காணட்டும் என்றனர்.

அந்த ஸ்கார்செசி 2007-இல் தொடங்கிய உலகத் திரைப்பட அறக்கட்டளையால் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு நேர்ந்தது. உதயசங்கரின் நாட்டியப் படம் ‘கல்பனா’. ஜெமினி ஸ்டூடியோவில் படமாகி 1948-இல் வெளிவந்தது. பிறந்த ஊரிலே மறந்துபோன அதனை அந்த அறக்கட்டளை செப்பனிட்டு, 2012-இல் கான் விழாவில் காட்டியது. உதயசங்கரின் துணைவியார் அமலா சங்கர், அப்படத்தில் ஆடியவர், முதுமையிலும் அங்கே சென்று பார்த்தார். பட்டணத்திலே பிறந்த படத்துக்குப் பரிந்துபேச இத்தாலியக் குடிவழியில் வந்த அமெரிக்கர் ஒருவர் வேண்டியிருந்தது. அந்த ஸ்டூடியோ இன்று இல்லை. அதன் பெயரை ஒரு மேம்பாலத்துக்குச் சொல்லிக்கொண்டு, அதன்மீது நாள்தோறும் போய்வருகிறோம். ‘கல்பனா’வைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?