பிறர் கூரை, நம் மழை

1996இல் வெளியான ‘ட்விஸ்டர்’ படத்தில் ஒரு திறந்தவெளித் திரையரங்கைச் சுழற்காற்று பிய்த்தெறிகிறது. அந்நேரம் அங்கே ஓடிக்கொண்டிருப்பது ‘தி ஷைனிங்’ என்ற திகில் படம். 28 ஆண்டுகள் கழித்து வந்த ‘ட்விஸ்டர்ஸ்’ படத்தின் உச்சக்காட்சியில், எல் ரீனோ என்ற சிற்றூரின் திரையரங்குக்குள் மக்கள் உயிருக்கு அஞ்சி ஒதுங்குகிறார்கள். அங்கே பழைய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஓடுகிறது. திரை கிழிந்து விழ, அதன் பின்னால் அசல் காற்று நிற்கிறது. இரண்டு படங்களும் பார்வையாளனிடம் ஒரே கேள்வியைத்தான் வைக்கின்றன: நீ வேடிக்கை பார்க்கும் இந்த அழிவு உன் இருக்கைக்கே வந்தால் என்ன செய்வாய்?

இவ்வகைப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் அதை வெளியே சொல்லத் தயங்குவார்கள். கதை மெலிது, வசனம் சாதாரணம், வீடுகள் சிதறுவதைக் கண்டு மனம் துள்ளுகிறது என்ற கூச்சம் அதற்குக் காரணம். அந்தக் கூச்சத்தை ஒதுக்கித் தள்ளாமல் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வானம் பார்த்த செட்டிநாட்டிலிருந்து பார்க்கும்போது அந்தக் கூச்சத்துக்கு ஒரு தனிப் பொருள் கிடைக்கிறது.

துரத்தலின் கதை

யான் டி போன்ட் இயக்கிய ‘ட்விஸ்டர்’ உலகெங்கும் 50 கோடி டாலரை நெருங்கி வசூலித்தது. கணினி வரைகலையில் காற்றுக்கு உருவம் கொடுத்த தொடக்ககாலச் சாதனைகளில் அது ஒன்று. காற்றின் உறுமலுக்கு ஒட்டகத்தின் முனகலை மெதுவாக்கிச் சேர்த்தார்கள். உயிருள்ள ஒரு விலங்கு துரத்துவதுபோல் நமக்குத் தோன்றுவதில் அந்த ஒலிக்கும் பங்குண்டு. படத்தில் வரும் ‘டோரதி’ என்னும் கருவி முழுக் கற்பனையன்று. 1980களில் அமெரிக்க வானிலை ஆய்வாளர்கள் ‘டோட்டோ’ என்ற பீப்பாய் வடிவக் கருவியைச் சுழற்காற்றின் பாதையில் வைக்க முயன்றார்கள்.

துரத்தலுக்குப் பலியும் உண்டு. டிம் சமராஸ் என்ற பொறியாளர் தரையோடு ஒட்டிக் கிடக்கும் கருவிகளைச் செய்து காற்றின் பாதையில் வைத்தவர். 2003இல் தெற்கு டகோட்டாவில் ஒரு சுழற்காற்று தம் கருவியின் மேலேயே கடந்தபோது, காற்றழுத்தம் சுமார் 100 மில்லிபார் வீழ்ந்ததைப் பதிவு செய்தார். 2013 மே 31 அன்று எல் ரீனோவில் சுமார் நான்கு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த சுழற்காற்றில் அவரும் அவர் மகனும் உடன் ஆய்வாளர் ஒருவரும் இறந்தார்கள். ‘ட்விஸ்டர்ஸ்’ தன் உச்சக்காட்சிக்கு அதே ஊரை எடுத்துக்கொண்டது.

தமிழில் இப்படியொரு துரத்தல் படம் ஏன் வரவில்லை? முதற்காரணம் காற்றின் இயல்பு. அமெரிக்கச் சமவெளியின் சுழற்காற்று பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஜீப்பில் ஏறித் துரத்தலாம், திரும்பி ஓடலாம். வங்கக் கடல் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்தது, நாட்கணக்கில் நகர்வது. அதைத் துரத்த முடியாது; கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கத்தான் முடியும். நம் புயல் கதைகள் இந்தக் காத்திருப்பிலிருந்தே பிறந்தன.

தமிழில் புயல்

மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினம் கடலுக்குள் போகிறது. மகனைப் பிரிந்த துயரில் மன்னன் இந்திர விழாவை மறந்ததால் வந்த சாபம் என்று காப்பியம் காரணம் சொல்கிறது. அழிவுக்கு ஒரு தவறைக் காரணமாகக் காட்டும் இந்தப் போக்கு இன்றைய பேரிடர்ப் படங்களிலும் உண்டு. எச்சரிக்கையைக் கேட்காத அதிகாரி அங்கே அந்த மன்னனின் இடத்தில் இருக்கிறார்.

1916 நவம்பரில் புதுச்சேரியைத் தாக்கிய புயலைப் பாரதி இரண்டு கவிதைகளில் எழுதினார். ‘புயற் காற்று’ கணவன் மனைவி உரையாடலாக அமைந்தது. முன்பு குடியிருந்த வீட்டிலேயே அன்றும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நடுக்கமும் தப்பிவிட்டோம் என்ற நிம்மதியும் அதில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. ‘பிழைத்த தென்னந்தோப்பு’ எல்லாம் சாய்ந்த ஊரில் சாயாமல் நின்ற ஒரு தோப்பைப் பாடுகிறது. திரையரங்கில் நாம் அடைவதும் இந்த நிம்மதிதான். வேறுபாடு, பாரதி அதற்குரிய விலையை ஓர் இரவு முழுக்கக் கொடுத்தவர்.

அதே காலத்தில் சந்தையிலும் ரயிலடியிலும் காலணா, அரையணாவுக்கு விற்ற குஜிலிப் பதிப்புகள் வெள்ளத்தையும் புயலையும் ரயில் விபத்தையும் சிந்தாகவும் கும்மியாகவும் பாடின. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று தொகுத்துக் காட்டிய அந்த உலகத்தைப் படித்தவர்கள் மதிக்கவில்லை. ஆனால் மக்கள் வாங்கினார்கள். பேரிடர்ப் படத்தின் மெய்யான மூதாதை அந்த மலிவுப் பதிப்புதான். அதன்மேல் காட்டப்பட்ட இளக்காரமே இன்று படத்தின்மேலும் காட்டப்படுகிறது.

கல்கி இந்தச் சுவையை நடுத்தர வீடுகளின் கூடத்துக்குக் கொண்டுவந்தார். ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்துக்குச் ‘சுழற்காற்று’ என்றே பெயர். எரியும் கப்பலிலிருந்து வந்தியத்தேவனை அருள்மொழி மீட்கும் அத்தியாயங்களையும், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைக் கடல் சூழும் பகுதியையும் வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்கள் அன்று யாரும் கூச்சப்படவில்லை. 2022இல் மணிரத்னம் எடுத்த படத்தின் முதல் பாகம் முடிந்ததும் அதே கடற்காற்றில்தான்.

திரையும் ஆழிப்பேரலையும்

பேரிடர்ப் படங்களை நம்மவர்கள் பெரும்பாலும் தமிழ்க் குரலில்தான் பார்த்தார்கள். ‘2012’ போன்ற படங்கள் சிற்றூர்க் கொட்டகை வரை வந்தது மொழிமாற்றத்தால். அந்தத் தொழிலின் தொடக்கத்தில் ஒரு காரைக்குடிக்காரர் நிற்கிறார். கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வை ஏ.வி. மெய்யப்பன் 1944இல் தமிழ்க் குரலில் வெளியிட்டார். இந்தியாவின் முதல் மொழிமாற்றுப் படம் என்று அதைத் திரை வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். பிறகு அவர் காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையைப் பிடித்து ஸ்டுடியோ நடத்தினார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு தமிழ்த் திரைக்குச் சொந்தப் பேரழிவு ஒன்று வந்துவிட்டது. ‘தசாவதாரம்’ (2008) ஆழிப்பேரலையில் முடிகிறது. கொடிய கிருமியின் பரவலைக் கடலின் உப்பு தடுத்துவிடுகிறது. பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன அலை கதையில் காப்பாற்றும் கருவியாக மாறுவது என்னை இன்றும் உறுத்துகிறது. ‘கயல்’ (2014) அதே அலையைக் காதலர்களின் தேடலுக்கு நடுவே வைத்தது. 2018 கேரள வெள்ளத்தைப் பற்றிய மலையாளப் படமான ‘2018’ (2023), படகோடு வந்த மீனவர்களை நடுவில் நிறுத்தியது. மூன்றிலும் தொழில்நுட்பம் உண்டு. நம் கண் எங்கே நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு: முதலாவது அலையையே பார்க்கிறது, கடைசியானது அலைக்குள் இறங்குபவனைப் பார்க்கிறது.

வறண்ட நிலத்தின் ஆசை

செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்கிறார்கள். அரசனோடு வந்த பகையால் வெளியேறினார்கள் என்று ஒரு மரபு. கடல்கோளுக்கு அஞ்சி உள்நாடு வந்தார்கள் என்று இன்னொரு மரபு. காரணம் எதுவானாலும், அவர்கள் ஊர்களின் அமைப்பில் தண்ணீரைப் பற்றிய அக்கறை தெரிகிறது. வீடுகள் உயர்ந்த அடித்தளத்தில் நிற்கின்றன. முற்றத்தில் விழும் மழை வீணாகாமல் வழிகண்டு போகிறது. ஊருணியும் கண்மாயும் ஊரைக் காக்கின்றன. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வணிகம் செய்யப் போனவர்கள் இதே வங்கக் கடலைக் கப்பலில் கடந்தார்கள். கடலைவிட்டு விலகி வாழ்ந்தாலும் கடலை மறக்காத ஊர்கள் இவை.

இங்கே வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கண்மாய் காயும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால், சிவகங்கைச் சீமையில் விவசாயியின் முகம் மலர்வது இயல்பு. வானிலையைப் பேஸ்புக்கில் எளிய மொழியில் எழுதும் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்றவர்களுக்கு இத்தனை வாசகர் சேர்ந்ததில் அச்சத்தோடு இந்த ஆசைக்கும் பங்குண்டு. ஆனால் உள்நாட்டில் மழையாக வருவது கரையில் கூரையைப் பிடுங்கிவிட்டு வருகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்து, அண்டை மாவட்டமான புதுக்கோட்டையின் பலாவையும் தென்னையையும் வேரோடு தள்ளி, சிவகங்கைப் பக்கமும் வீசிப் போனது. நமக்கு மழை வேண்டும் என்று நினைக்கும்போதே வேறொருவர் வீடு போகும் என்ற அறிவும் கூடவே வருகிறது. புயல் படத்தை ரசிப்பவனின் கூச்சமும் இதுவேதான். திரையரங்கில் பிறந்த புதுக் குறை அன்று அது. மழையை நம்பி வாழும் ஊர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த மனநிலை.

மெய்ப்பாடு என்ற அளவுகோல்

பிறர் கடலில் தத்தளிப்பதைக் கரையிலிருந்து காண்பதில் உள்ள இனிமையை ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் பேசினார். நாம் பத்திரமாக இருக்கிறோம் என்ற உணர்வே அந்த இனிமை என்றார். 1757இல் எட்மண்ட் பர்க், அச்சம் பாதுகாப்பான தொலைவில் இருக்கும்போது மகிழ்வாகிறது என்று எழுதினார். இரண்டும் உண்மை, ஆனால் படத்தை மதிப்பிட இவை போதவில்லை. பார்ப்பவன் மனத்தை இவை விளக்குகின்றனவே தவிர, படம் அவனுக்கு எதைத் தரக் கடமைப்பட்டது என்று சொல்லவில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அதற்கு உதவுகிறது. மருட்கை என்னும் வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால் பிறக்கும். பெருமிதம் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றால் பிறக்கும். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால் பிறக்கும். இதை வைத்துப் பார்த்தால் புயல் படத்தின் கவர்ச்சி தெளிவாகிறது. வானைத் தொடும் காற்றின் பெருமை வியப்பைத் தருகிறது. அதை நோக்கி வண்டியைத் திருப்புகிறவர்களிடம் கல்வியும் தறுகண் என்னும் அஞ்சாமையும் சேர்ந்திருப்பதால் பெருமிதம் எழுகிறது. டிம் சமராஸின் வாழ்க்கை கல்வி, அஞ்சாமை இரண்டின் இணைப்பே. வியப்பு, பெருமிதம் என்னும் இந்த இரண்டு சுவைக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

விடுபடுவது அழுகை. ‘ட்விஸ்டர்’ வீடிழந்தவர்களிடம் அதிக நேரம் நிற்பதில்லை. அடுத்த காற்றைத் தேடி ஓடுகிறது. ‘ட்விஸ்டர்ஸ்’ ஓரடி முன்னே வைத்தது. வீடிழந்தவர்களின் நிலத்தை மலிவாக வாங்கும் முதலாளி அதில் வருகிறான். துரத்துகிறவர்களும் இடிபாட்டுக்கு நடுவே உணவு கொடுக்கிறார்கள். அந்தக் காட்சிகளுக்குப் பிறகு அடுத்த காற்று வரும்போது நம் மகிழ்ச்சி குறையவில்லை. அதற்கு எடை கூடுகிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, உலக அழிவு, ஜோம்பி போன்ற படங்களை விரும்புவோர் கோவிட் தொடக்கத்தில் மற்றவர்களைவிட ஆயத்தமாக இருந்ததாகக் கண்டது. அச்சத்தை ஒத்திகை பார்ப்பதில் பயன் உண்டு என்பதற்கு அது ஒரு சான்று. இழப்பையும் ஒத்திகை பார்த்தால்தான் அந்தப் பயன் நமக்கு அப்பால் இன்னொருவரையும் சென்றடையும்.

தமிழில் ஒரு புயல் படம் வரவேண்டும். நம்மிடம் 1964இன் தனுஷ்கோடி இருக்கிறது. ரயிலோடு மக்களைக் கொண்டுபோன அந்த இரவு இன்னும் அதற்குரிய படத்தைப் பெறவில்லை. 2017இல் ஒக்கிப் புயலில் திரும்பாத குமரி மீனவர்கள் இருக்கிறார்கள். கஜா இருக்கிறது. காற்று வீசும் சில மணி நேரத்தை எவ்வளவு பிரமாண்டமாகவும் எடுக்கட்டும். அதை முழு மனதோடு ரசிப்பேன். ஆனால் விழுந்த தென்னைக்குப் பதில் வைத்த கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். அந்த ஆண்டுகளை அந்தக் குடும்பம் எப்படிக் கடந்தது என்பதையும் அதே படம் காட்ட வேண்டும். கூச்சத்தைத் துறப்பதால் புயல் படம் உயர்ந்த கலையாகாது. அந்தக் கூச்சத்துக்குத் திரையில் இடம் கொடுப்பதால்தான் ஆகும்.