நுனியில் இருக்கிறது சுகம்

சைக்கிளுக்கு ஸ்டீல் ஃபோர்க் வாங்கப் போகிறவர்கள் குழாயின் ஸ்டிக்கரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ரெனால்ட்ஸா, கொலம்பஸா, டாங்கேயா என்று விசாரித்துவிட்டு விலைக்கு வருகிறார்கள். நான் பார்ப்பது ஃபோர்க் காலின் கடைசி ஒரு சாண். சக்கர அச்சு பொருந்தும் டிராப்அவுட்டுக்கு இரண்டு விரல் மேலே வெர்னியரை வைத்தால் போதும்; கைக்குச் சுகமான ஃபோர்க்கா, மணிக்கட்டைப் பதம் பார்க்கும் ஃபோர்க்கா என்பது அங்கேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எந்த ரக ஸ்டீலானாலும் அதன் இயல்பான விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். 1935-இல் வந்த புகழ்பெற்ற ரெனால்ட்ஸ் 531-உம் இன்றைய சாதாரண 4130 குரோமோலியும் ஒரே அளவுக் குழாயாக இருந்தால் ஒரே அளவுதான் வளையும். உயர்ந்த ரகத்தின் பெருமை அதன் வலிமை. அந்த வலிமையை நம்பிக் குழாயை மெல்லியதாக இழுத்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். குழாயின் விட்டமோ அப்படியில்லை, விறைப்பை அடியோடு மாற்றிவிடும். சுவர்த் தடிமன் அதேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 12 மி.மீ.யிலிருந்து 18 ஆனால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறும். கையில் காசு குறைவாக இருப்பவருக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. பெயர் தெரியாத 4130 ஃபோர்க்கானாலும் நுனி மெலிந்திருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

எனக்கு உயிர் ஜப்பானின் கைசெய் நிறுவனம் இழுக்கும் ‘டோயெய் ஸ்பெஷல்’ கால்கள். இரண்டு கால்களும் சேரும் கிரவுனுக்குள் நுழையும் இடத்தில் அகன்ற நீள்வட்டமாகத் தொடங்கி, கீழே வரவர வட்டமாகி, சுண்டுவிரல் பருமனுக்கு இறங்குகிற அந்த ஒழுங்கை எத்தனை முறை தடவிப் பார்த்தாலும் அலுப்பதில்லை. ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ இதழில் ஜான் ஹைனே இந்தக் கால்களைப் பற்றி விடாமல் எழுதிவந்தார். அவர் மிகைப்படுத்துகிறார் என்பவர்கள் இவை பூட்டிய வண்டியை ஒருமுறை கல் பாவிய தெருவில் ஓட்டிப் பார்க்கட்டும். குனிந்து ஹப்பைப் பாருங்கள்: முன்னும் பின்னும் துடித்துக்கொண்டிருக்கும். கண்ணை மேலே கொண்டுவந்தால் கிரவுன் அடங்கியிருக்கும், ஹேண்டில்பாரில் ஊன்றிய கைக்கு அந்தத் துடிப்பில் கொஞ்சம்தான் வந்து சேரும்.

வளைவுதான் ஸ்பிரிங் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எதிர்க்கட்சிக்காரர்கள், 1980-களின் கடைசியில் கொல்னாகோ கொண்டுவந்த நேர்க்கால் பிரிசீசா ஃபோர்க்கைக் காட்டி, வளைவெல்லாம் வெறும் அலங்காரம் என்பார்கள். ஆஃப்செட், அதாவது ஸ்டீரர் கோட்டிலிருந்து அச்சு முன்தள்ளி நிற்கும் தூரம், ஒன்றாக இருந்தால் வளைவின் வடிவம் மட்டும் பெரிய வித்தியாசம் செய்யாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேர்க்கால் ஃபோர்க்குகள் பெரும்பாலும் நுனிவரை தடித்தே வருகின்றன. என் குறை அதில்தான். கார்பன் அன்பர்கள் எடையைச் சொல்வார்கள். 500 கிராமுக்குள் அடங்கும் கார்பன் எங்கே, ஒரு கிலோ ஸ்டீல் எங்கே? சரிதான். சாலையின் நுண்ணதிர்வைக் கார்பன் நன்றாகவே அடக்குகிறது. பள்ளத்தின் விளிம்பில் விழும் அடிக்கு எனக்கு மெலிந்த ஸ்டீல்தான் வேண்டும். ‘டயரை அகலமாக்கு, ஃபோர்க்கை மற’ என்பவர்களிடம் பாதி உடன்படுகிறேன். 25 மி.மீ.யிலிருந்து 32-க்குப் போனாலே உலகம் மாறும். அந்த 32 நுழைய இடம் விடும் ஃபோர்க்காகப் பார்த்து வாங்குங்கள், 57 மி.மீ. ரீச் பிரேக் காலிப்பரோடு.

டோயெய் ஸ்பெஷல் காலில் ஃபோர்க் வேண்டுமென்றால் ஃபிரேம் பில்டரிடம்தான் போக வேண்டும், விலையும் எகிறும். அதற்கு அடுத்தபடி நான் சொல்வது 1980-களின் ஜப்பானிய டூரிங் சைக்கிள்களிலிருந்து கழன்று வரும் டாங்கே ஃபோர்க்குகள். உங்கள் ஃபிரேம் ஒரு அங்குல ஸ்டீரருக்கானதாக இருக்க வேண்டும். அச்சிலிருந்து கிரவுன்வரை உள்ள உயரத்தைப் பழைய ஃபோர்க்கோடு ஒப்பிடாமல் காசை நீட்டாதீர்கள், 20 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய ஒரு பாகை படுத்துவிடும். ஆஃப்செட்டும் அப்படித்தான். ஹெட் ஆங்கிள் 73 பாகை, 32 டயர் என்றால் 45 மி.மீ. ஆஃப்செட்டுக்கு டிரெயில், அதாவது ஸ்டீரர் கோடு தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் தூரம், 58 மி.மீ. அளவில் வரும். ஆஃப்செட்டை 65 ஆக்கினால் டிரெயில் 37-க்கு இறங்கும். முன்பக்கம் பை மாட்டுபவருக்கு இரண்டாவதுதான் சொர்க்கம். பை இல்லாமல் ஓட்டுபவர் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சென்னையில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் வண்டிகள் ஓடிய காலத்தில், எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் விலை விசாரிக்கும் முன்பே ஃபோர்க்கில் நல்ல சக்கரம் ஒன்றைப் பூட்டிப் பார்ப்பார். ரிம் ஒரு பக்கம் ஒதுங்கினால் சக்கரத்தைத் திருப்பிப் போடுவார். மறுபடியும் அதே பக்கம் ஒதுங்கினால் கோட்டம் ஃபோர்க்கில். இன்று புது ஃபோர்க் விற்கிற கடைகளில் இதைச் செய்து காட்டச் சொன்னால் விழிக்கிறார்கள்.

சரிவு அங்கே மட்டுமில்லை. டிஸ்க் பிரேக் வந்த பிறகு, பிடிக்கும் விசையெல்லாம் இடது காலின் அடியில் இறங்குகிறது. அதைத் தாங்கக் காலை அடிவரை தடியாக்கியே தீர வேண்டும். ரிம் பிரேக்கில் அந்த விசையைக் கிரவுன் வாங்கிக்கொள்வதால்தான் கால் மெலிய முடிந்தது. இன்று கடைக்கு வரும் மலிவு ஸ்டீல் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை, கிரவுனே இல்லாமல் இரண்டு குழாயை வளைத்து வெல்டு வைத்த விளக்குக் கம்பங்கள். ரிம் பிரேக் வண்டிக்கும் அதையேதான் நீட்டுகிறார்கள். ஸ்டீல் என்ற பெயர் இருக்கிறது. ஸ்டீலை எதற்காக விரும்பினோமோ அது இல்லை. இதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

மெலிந்த நுனி கிடைத்துவிட்டால் ஒரு வேலை பாக்கி. வெல்டின்போது காற்று வெளியேற விட்ட சிறு துளை கால்களில் இருக்கும். பூட்டும் முன் அதன் வழியே எண்ணெய் விட்டு, ஃபோர்க்கை எல்லாப் பக்கமும் புரட்டி, ஓர் இரவு தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். மெல்லிய சுவர் துருவுக்குச் சீக்கிரம் பலியாகும்.