காகிதத்தில் எழுந்த வீடு: ஜரீனா ஹாஷ்மியின் கலை

இஸ்லாமியக் கலை என்றதும் நம் மனக்கண்முன் எழுவன குவிமாடங்களும் வளைவுகளும் கொடிப்பின்னல்களும் எழுத்தணிகளுமே. அருங்காட்சியகங்களும் நம்மை அவ்வாறே பழக்கியுள்ளன. வெறுந்தாளையும் சில கோடுகளையும் கொண்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பணியாற்றிய ஜரீனா ஹாஷ்மியை இந்த வரிசையில் எங்கே வைப்பது? அவரை மினிமலிஸம் என்னும் சிக்கனக் கலைப்போக்கினர் என்று கொள்வாரும் உளர். நாட்டுப் பிரிவினையின் துயரை வரைந்தவர் என்று கொள்வாரும் உளர். இரண்டும் பிழையன்று. ஆனால், அவர்தம் கை காகிதத்தை என்ன செய்தது என்பதைக் கூர்ந்து நோக்கினாலன்றி அக்கலையின் உயிர்நிலை புலப்படாது என்பது நமது துணிபு.

ஜரீனா 1937இல் அலிகாரில் பிறந்தார். தந்தையார் ஷெய்கு அப்துர் ரஷீத் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். மகளோ அங்கே கணிதம் பயின்று 1958இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே இந்திய அயலுறவுப் பணியில் இருந்தவரை மணந்து பாங்காக் சென்றார். மரச்செதுக்கு அச்சுக்கலை அங்கேதான் அவருக்கு அறிமுகமாயிற்று. பின்னர் பாரிஸில் ஸ்டான்லி ஹேய்ட்டரின் பட்டறையிலும், 1974இல் டோக்கியோவில் தோஷி யோஷிதாவின் பட்டறையிலும் பயின்றார். தில்லியில் வாழ்ந்தபோது கிளைடர் ஓட்டவும் கற்றார்; நிலத்தை மேலிருந்து வரைபடமாகக் காணும் பார்வை அவர் படைப்புகளில் நிலைத்துவிட்டதை நினைந்தால் இது சிறு செய்தியன்று. இதற்கிடையே, 1959இல் பெற்றோர் கராச்சிக்குக் குடிபெயர்ந்தனர். அலிகாரில் திரும்பிச் செல்வதற்குரிய வீடு இல்லாமற் போயிற்று. 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்கா சென்ற அவர் நியூயார்க்கில் நிலைகொண்டு, 2020 ஏப்ரலில் இலண்டனில் காலமானார்.

1977இல் அவர் செய்த ஒரு வரிசைப் படைப்புகளில் மை இல்லை, கரியும் இல்லை. வெண்தாளில் ஊசியால் நூற்றுக்கணக்கான துளைகளைக் குத்தி, அத்துளைகளின் மேடுபள்ளத்தையே சித்திரமாக்கினார். அவற்றைக் காட்டுவது பக்கவாட்டு ஒளியும் அதன் நிழலுமே. தொடர்ந்து, காகிதக் கூழில் நிறம் கலந்து அச்சில் வார்த்துச் சுவர்போல் கனத்த புடைப்புருவங்களை ஆக்கினார். இவ்விரு முறைகளிலும் ஓர் உண்மை விளங்குகிறது. பிறருக்குச் சித்திரத்தைத் தாங்கும் தளமாக இருந்த தாள் இவரிடம் சித்திரத்தின் பொருளாகவே மாறுகிறது. அது துளைபடும், வெட்டுப்படும், மடியும், பட்டதை மறைக்காது. 2012இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹாமர் அருங்காட்சியகத்தில் தொடங்கி நியூயார்க்கின் குகன்ஹைமிலும் சிகாகோவிலும் நடந்த அவரது பின்னோக்குக் கண்காட்சிக்குத் 'தோலைப் போன்ற காகிதம்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டது மிகப் பொருத்தமே.

2001இல் செய்த 'பிரிக்கும் கோடு' என்னும் மரச்செதுக்கு அச்சை இந்நோக்கில் காண வேண்டும். இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த எல்லைக்கோடு தாளின் நடுவே கருமையாக வளைந்து செல்கிறது, வேறொன்றும் இல்லை. மரச்செதுக்கில் கறுப்பாகப் பதிய வேண்டிய கோடு மேடாக நிற்க வேண்டுமாயின், சுற்றியுள்ள மரம் முழுவதையும் உளியால் அகற்றியாக வேண்டும். அந்த ஒற்றைக் கோடு நிற்பதற்காக இருபுறத்து நிலமும் செதுக்கி எறியப்பட்டது. 1947இல் நிகழ்ந்ததும் இதுவன்றோ! உதிரத்தையும் அகதி வண்டிகளையும் வரைந்து சொல்ல வேண்டியதை, செய்முறையே சொல்லிவிடுகிறது.

'வீடு ஓர் அந்நிய நாடு' என்று பொருள்படும் 1999ஆம் ஆண்டின் ஆக்கம் 36 சிறு மரச்செதுக்கு அச்சுகளால் ஆனது. வாசற்படி, நண்பகல், தொலைவு, எல்லை, மொழி என ஒவ்வொன்றுக்கும் ஓர் உருதுச் சொல். அச்சொல்லுக்குச் சில கோடுகளாலான ஒரு வடிவம். வரிசை வரிசையாகச் சுவரில் அமைக்கப்படும்போது அவை தனித்தனித் தாள்களாக இல்லாமல் நாம் நின்று பார்க்கும் ஓர் அறையாகின்றன. நியூயார்க்கின் பார்வையாளருள் பெரும்பாலோர் அச்சொற்களைப் படிக்க இயலாதவர். அவர்களுக்கு எழுத்தும் ஒரு கோட்டோவியமே. சிறுவயதிலேயே அரபெழுத்தை எழுத்துக்கூட்டிப் பழகிய நம்மவர் நிலை வேறு. உருது அறியாவிடினும் அச்சொற்களை ஒருவாறு ஒலித்துப் பார்ப்போம். பொருள்தான் பாதி திறந்த கதவாக நிற்கும். தாய்மொழியை அரபெழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்த மரபினராகிய நமக்கு, எழுத்தே ஒரு சமூகத்தின் வீடாவதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

2004இல் வெளிவந்த 'வீட்டிலிருந்து கடிதங்கள்' எட்டு அச்சுகளின் தொகுதி. தமக்கை ராணி உருதுவில் எழுதி அஞ்சலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்கள் அதன் அடித்தளம். பெற்றோரின் மறைவும் வீடு விற்கப்பட்டதும் அவற்றில் பேசப்படுகின்றன. ஜரீனா அக்கையெழுத்தை அப்படியே பதித்து, அதன்மேல் வீட்டின் தரைப்படத்தையும் ஊர் வரைபடத்தையும் ஏற்றினார். கறுத்த வடிவங்கள் எழுத்தை மறைக்கும் இடங்களில் நம் கண் தடுமாறுகிறது. பிறர் வீட்டுக் கடிதத்தை முழுமையாகப் படிக்க நமக்கு உரிமையில்லை என்பதையும் அத்தடுமாற்றம் உணர்த்துகிறது. அவர் படைப்புகளில் ஆகச் சிறந்தது இதுவே என்போம்.

எல்லாப் படைப்புகளுக்கும் இப்பாராட்டை வழங்குதல் இயலாது. அழிவுற்ற நகரங்களைப் பற்றிய 2003ஆம் ஆண்டுத் தொகுதியில் ஒன்பது அச்சுகள் உள்ளன: க்ரோஸ்னி, சரயேவோ, ஸ்ரெப்ரெனிகா, பெய்ரூத், ஜெனின், பக்தாத், காபூல், அகமதாபாத், நியூயார்க். கரிய பரப்பில் நிற்கும் இரு மெல்லிய செங்குத்துக் கோடுகளே நியூயார்க். முஸ்லிம்கள் பட்ட துன்பங்களோடு அந்நகரின் துயரையும் சேர்த்தெண்ணிய நேர்மை போற்றத்தக்கது. ஆனால் ஒரே நிறமும் ஒரே ஒழுங்கும் எல்லா அழிவுகளையும் ஒரே எடையாக்கிவிடுகின்றன. ஸ்ரெப்ரெனிகாவில் 1995இல் நிகழ்ந்தது இனப்படுகொலை. அகமதாபாதில் 2002இல் நிகழ்ந்தது அண்டை வீட்டாரிடையே மூட்டப்பட்ட வன்முறை. யார், யாருக்கு, ஏன் செய்தார் என்னும் வினா அவ்வழகிய கருமையில் அடங்கிப்போகிறது. 'பிரிக்கும் கோட்டில்' செய்முறையே குற்றத்தைச் சொல்லிற்று. இங்கே செய்முறை துயரை மட்டுமே சொல்கிறது.

பிற்காலத்தில் அவர் தஸ்பீஹ் மணிகளையும் நூர் என்னும் கருத்தையும் நாடிச் சென்றார். இந்தியா தனது முதல் அதிகாரபூர்வ அரங்கை வெனிஸ் கலை விழாவில் 2011இல் அமைத்தபோது இடம்பெற்ற கலைஞருள் அவரும் ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டில் செய்த 'கண்ணைப் பறிக்கும் ஒளி' என்னும் நிறுவல், 22 காரட் தங்க இழை போர்த்திக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தொங்கவிடப்பட்ட ஜப்பானியத் தாள். தங்கம் ஆபத்தான பொருள். காட்சிக்கூடத்தில் அது எளிதில் செல்வச் செழிப்பாகிவிடும். இங்கே அதனைக் காப்பாற்றுபவை அவ்வெட்டுகளே. தூர் மலையில் மூஸா (அலை) அவர்கள் இறைவனைக் காண வேண்டியதும், இறையொளி வெளிப்பட்டபோது மலை நொறுங்கியதும், அவர்கள் மூர்ச்சித்து வீழ்ந்ததும் நம் நினைவுக்கு வருகின்றன. பேரொளியைத் தாங்கும் பொருள் முழுமையாக எஞ்சாது என்பதை வெட்டுண்ட இத்தாள் நினைவூட்டுகிறது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சமர்கந்திலும் பக்தாதிலும் காகிதத் தொழில் தழைத்த நாள்முதல் நமது நாகரிகம் தாளின்மீது எழுந்த நாகரிகம். தாளை வார்த்தவரும், மெருகிட்டவரும், படியெடுத்தவரும், கட்டடம் செய்தவருமாகிய வர்ராக்குகள் இல்லையேல் இப்னு சீனாவும் அல்பிரூனியும் நம்மை வந்தடைந்திரார். ஆயினும், இஸ்லாமியக் கலையைப் பேசுகையில் அக்கைவினைஞரை நாம் எண்ணுவதேயில்லை. ஜரீனாவை வளைவுகளிலும் கொடிகளிலும் தேடுவோர் ஏமாறுவர். நாற்பதாண்டுகளுக்கு மேல் அந்நிய நகரில் வாழ்ந்து, தாளை அறிந்து, தாளைத் தொட்டு, தாளிலேயே தமக்கொரு வீட்டை எழுப்பிக்கொண்ட அவர் அந்த வர்ராக்குகளின் வழித்தோன்றல். அவ்வரிசையிலேயே அவரை வைத்து எண்ண விரும்புகிறோம்.