கண்ணை மூடச் சொல்லும் கல்வி

2018இல் தில்லி அரசுப் பள்ளிகளுக்கு 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' வந்தது: கண்ணை மூடு, மூச்சைக் கவனி. இப்படிப் பழகினால் மாணவருக்குத் தன் படைப்பாற்றல்மீது நம்பிக்கை வரும் என்றும் ஓர் உளவியல் சொல்லாடல் உலவுகிறது. 1977இல் 'தன்திறன் நம்பிக்கை'யைக் கோட்பாடாக்கிய பண்டூரா, செய்து பார்த்துக் கைகூடிய அனுபவத்தையே அதன் முதல் ஊற்று என்றார். இதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

பழவேற்காடு ஏரிக்கு வாருங்கள். இருளர் பெண்கள் ஆழமில்லாத நீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவி வெறுங்கையால் எறா பிடிக்கிறார்கள். விரல்நுனியெல்லாம் கவனம். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வந்தால் கேட்கிற பேச்சு, 'ஒனக்கு என்ன தெரியும்?' இருந்த நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக எதை ஊட்டுவது?

(பள்ளியை மட்டும் திட்டித் தப்பிக்க முடியாது. நம்மவர் சிலாகிக்கும் 'பாடு' முறை சீட்டுப் போட்டு மீன்பிடி இடங்களைப் பங்கிடுகிறது. மரபாக அது பட்டினவர் ஆண்களுக்கு. பெண்ணுக்கும் இருளருக்கும் கிடையாது.)

பிரிட்டனில் 8,000க்கு மேற்பட்ட மாணவரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. மனநலத்தில்கூட இப்பயிற்சி வழக்கமான பாடத்தைவிட அதிகமாக ஒன்றும் தரவில்லை. இங்கே பயிற்சியாளரை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் அந்தம்மாவை வகுப்புக்குள் கூப்பிட்டு எறா பத்திச் சொல்லச் சொல்லட்டும். அவங்க புள்ள முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.