மலையை இறக்குவது மழை மட்டுமா?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை இறங்கி, தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அன்று சொல்லப்பட்ட காரணம் கனமழை. அதன் பிறகு ஹட்டனிலோ நுவரெலியாவிலோ மண் சரிந்தாலும் அதே காரணம்தான் சொல்லப்படுகிறது. அது பொய்யல்ல. ஆனால் அந்த ஒரு காரணமே எல்லாவற்றையும் விளக்கிவிடுமா என்பதை உரசிப் பார்த்தே தீர வேண்டும். மழையோடு விசாரணை முடிந்துவிட்டால், பொறுப்பேற்க ஆள் இல்லாமல் போகிறது.

முதலில் நீர் மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சரிவில் நிற்கும் மண்ணை அதன் எடை கீழே இழுக்கிறது. துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள உராய்வு பிடித்து நிறுத்துகிறது. துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகின்றனவோ அவ்வளவுக்குத்தான் உராய்வும் இருக்கும். இடுக்குகளில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறும்போது அது துகள்களைத் தாங்கத் தொடங்குகிறது. ஆற்றுக்குள் கிடக்கும் கல்லை நீருக்குள்ளேயே தூக்கினால் கனம் குறைந்து தெரிவதும் இதனால்தான். கார்ல் டெர்சாகி 1925இல் இதை மண் பொறியியலின் அடிப்படை விதியாக வகுத்தார். ஒரு கன மீற்றர் ஊறிய மண் ஏறத்தாழ 2 தொன். அதே அளவு நீர் 1 தொன். ஆக, நிலத்தடி நீர் மேற்பரப்பு வரை ஏறிவிட்டால் பிடிப்பில் பாதி போய்விடும்; கீழ்நோக்கிய இழுப்போ துளியும் குறையாது. ஒட்டும் தன்மை குறைந்த மண், வறண்ட நிலையில் 30 பாகைச் சரிவிலும் நிற்கும். முழுக்க ஊறி, நீர் சரிவோடு ஓடும்போது ஏறத்தாழ 16 பாகைதான் அதன் எல்லை.

இந்தக் கணக்கில் மழை நேரடியாக வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரிவைத் தீர்மானிப்பது வானத்திலிருந்து விழுந்த நீர் அல்ல. மண்ணுக்குள் புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கிய நீர். வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நுவரெலியா நகரில் அதில் பாதிகூட இல்லை. மழையின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்குமென்றால் வட்டவளை மலைகள் எப்போதோ தரைமட்டமாகியிருக்க வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை முறையை இந்த இடத்தில் எடைபோடலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். அவசியமான முறை இது; உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் மழைமானி விழுந்ததை அளக்கிறதே தவிர, தங்கியதை அளப்பதில்லை. நீர் வடியும் கான் சுத்தமாக இருக்கும் மலையில் 150 மில்லிமீற்றர் செய்யாத வேலையை, கான் தூர்ந்த மலையில் 100 மில்லிமீற்றர் செய்துவிடக்கூடும்.

கான் என்பது தேயிலை மலையில் அலங்காரத்துக்கு வெட்டியதல்ல. மலையைக் குறுக்காகச் சுற்றி, மிக மெல்லிய சாய்வில் ஓடும் கான்கள் நீரை வேகம் பிடிக்கவிடாமல் வாங்கி, சரிவுக்கு நேராக இறங்கும் பெரிய கானில் சேர்க்கும். காட்டை அழித்து, முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட நிலத்துக்குக் காடு செய்த வேலையில் ஒரு பகுதியையாவது இவைதாம் செய்ய வேண்டும். இன்று பல தோட்டங்களில் மலைக்குள் நடந்து போகும் எவரும் தூர்ந்துபோன கானைக் காணலாம். காரணம் வெளிப்படை. கொழுந்தைத் தராசில் நிறுக்கலாம். கான் வெட்டி வெளியேற்றிய நீரை நிறுக்க முடியாது.

நீரை வெளியேற்றினால் மலை நிற்கும் என்பது ஏட்டுக் கணக்கு மட்டும்தானா? இல்லை. 1990களின் தொடக்கத்தில் வட்டவளையில் ரயில் பாதையையே நகர்த்திக்கொண்டு ஒரு பெரும் மண்சரிவு மெல்ல ஊர்ந்தது. பொறியியலாளர்கள் நிலத்தடி நீரை அளந்தார்கள். மலைக்குள் நீளமாகத் துளையிட்டு நீரை வடித்தார்கள். நீர்மட்டம் இறங்க, நகர்வும் அடங்கியது. ஆக, இந்த மலைகளிலேயே, இதே மழையிலேயே அந்த அறிவு செயல்பட்டுக் காட்டியிருக்கிறது. கொழும்பிலிருந்து பதுளை போகும் பாதைக்காக அது செயல்பட்டது. மீரியபெத்தவிலோ 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டும், 2014இல் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். எனக்கு ஆறாத இடம் இதுதான்.

லயத்துப் பின்சுவரை ஒட்டி மண்ணை வெட்டியதும், மரக்கறிப் பாத்தி போட்டதும் தொழிலாளரின் குற்றம் என்று சிலர் சொல்கிறார்கள். இதில் உண்மை உண்டு. சற்றே ஈரமான மண்ணில் நீர்ப்படலம் துகள்களை இறுக்கிப் பிடிப்பதால், வெட்டிய சுவர் கோடையில் செங்குத்தாகவே நிற்கும். பார்ப்பவருக்குத் தைரியம் வரும். முழுக்க ஊறும்போது அந்தப் பிடிப்பு இல்லாமல் போகும். ஆனால் ஓர் அறையில் ஒரு குடும்பமே வாழும்போது, அடுப்புக்கும் கக்கூசுக்கும் இடம் வேறெங்கே இருக்கிறது? நிலம் அரசுடையது, 1992 முதல் அதை நிர்வகிப்பவை கம்பனிகள். வீடு கட்ட வேறு நிலம் இல்லாதவரிடம் சரிவை ஏன் வெட்டினாய் என்று கேட்பது நியாயமாகாது.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று மிஞ்சுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பல இடங்களில் ஒரே நாளில் 200 மில்லிமீற்றரைத் தாண்டி மழை கொட்டியது. எந்தக் கானும் அதைத் தாங்காது. ஒப்புக்கொள்கிறேன். கான் சாதாரண ஆண்டுகளுக்கான காவல். அத்தகைய நாளில் மக்கள் அந்தச் சரிவின் அடியில் இல்லாமலிருப்பது ஒன்றே காப்பு. எனவே இந்த வாதம் நிர்வாகத்தை விடுவிக்கவில்லை. வீட்டுப் பொறுப்பை அதன் மேல் இன்னும் கனமாக ஏற்றுகிறது.

நீர் தன் இயல்பை மாற்றிக்கொண்டு எவரையும் ஏமாற்றவில்லை. அது என்ன செய்யும் என்பது தெரிந்திருந்தும், வடிக்க வேண்டியவர்கள் வடிக்கவில்லை. இடம் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. பெரும்பங்குப் பொறுப்பு நிலத்தைக் கையில் வைத்திருக்கும் அரசுக்கும் கம்பனிகளுக்கும்தான். கான் வெட்டுக்கு ஆண்டு முழுவதும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், போடுங்கள். அபாயமுள்ள லயங்களின் ஆய்வு அறிக்கையைத் தமிழில் அங்குள்ளவர்களின் கையில் கொடுங்கள். அடுத்த பருவமழைக்கு முன் அவர்களுக்குப் பாதுகாப்பான நிலத்தைக் காணி உறுதியுடன் எழுதிக் கொடுங்கள்.